டர்ன்டேபிளைச் சுற்றி ஐந்து நாள்: வான்கூவர் ரயில் நாட்குறிப்பு

முதல் நாள்: கண்ணாடிக்குள் 374

விமான நிலையத்திலிருந்து கனடா லைன் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் யேல்டவுன்–ரவுண்ட்ஹவுஸ் நிலையம் வந்துவிடும். விமான நிலைய மெஷினில் எடுக்கும் டிக்கெட்டில் வழக்கமான கட்டணத்தோடு 5 டாலர் கூடுதலாகப் பிடிப்பார்கள். அது தவறு இல்லை, அங்கிருந்து கிளம்பும் பயணத்துக்கு மட்டும் உள்ள தனிக் கட்டணம். நிலையத்தை விட்டு வெளியே வந்து டேவி தெருவில் கடல் பக்கமாக இறங்குங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பசிபிக் பொலிவார்ட் சந்திப்பில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு நீராவி எஞ்சின் நிற்கும். அதுதான் 374.

கிழக்குக் கனடாவிலிருந்து கண்டத்தைக் கடந்து வான்கூவருக்குள் நுழைந்த முதல் பயணிகள் ரயிலை 1887 மே 23 அன்று இழுத்து வந்தது இந்த எஞ்சின். கனேடியன் பசிபிக் ரயில்வே, அதாவது சி.பி.ஆர்., 1886-ல் மாண்ட்ரியலில் உள்ள தன் சொந்தப் பட்டறையில் கட்டியது. 1914 வாக்கில் பெரிய அளவில் பிரித்து மாற்றிக் கட்டினார்கள், பிறகும் 1945 வரை ஓடியது. ஆகவே கண்ணெதிரே நிற்பது அத்தனையும் 1886-ன் இரும்பு என்று எண்ண வேண்டாம். அறுபது வருடம் உழைத்த எந்த எஞ்சினிலும் பிறந்தபோது இருந்த பாகங்கள் கொஞ்சம்தான் மிஞ்சும்.

அனுமதி இலவசம், உண்டியலில் விருப்பம்போல் போடலாம். நடத்துபவர்கள் வெஸ்ட் கோஸ்ட் ரயில்வே அசோசியேஷனின் தன்னார்வலர்கள். ஆள் இருக்கும் நேரத்தைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும் என்பதால் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் போவது பத்திரம். கால் வைக்கும் செங்கற்களைக் குனிந்து பாருங்கள். இந்தக் கூடம் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கும்.

இது 4-4-0 வகை எஞ்சின். முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் நான்கு பெரிய இயங்கு சக்கரங்கள், கேபினுக்கு அடியில் எதுவும் இல்லை. இந்த வகைக்கு ‘அமெரிக்கன்’ என்றே பெயர். அவசரமாகப் போட்ட மேடுபள்ளமான பாதையில் முன்சக்கரங்கள் வளைவை மோப்பம் பிடித்துப் போக, பின்னால் வரும் பெரிய சக்கரங்கள் தடம் புரளாமல் தொடரும். புதிதாகக் காடு வெட்டிப் போட்ட தண்டவாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அன்று இல்லை.

கேபினுக்குள் ஏறலாம். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேர் எதிரே, முழங்கால் உயரத்தில் நெருப்புப் பெட்டியின் கதவு. மேலே நீண்ட கைப்பிடி ரெகுலேட்டர், நீராவியை சிலிண்டருக்கு விடுவது. வலப்பக்கம் தரையிலிருந்து எழும் பெரிய நெம்புகோல் ரிவர்சர். முன்னே போவதா பின்னே போவதா என்பதை மட்டும் இது முடிவு செய்வதில்லை. பிஸ்டன் ஓட்டத்தில் எத்தனை தூரம் வரை நீராவியை உள்ளே விடுவது என்பதும் இதன் கையில்தான். கிளம்பும்போது முழுக்கத் தள்ளி வைப்பார்கள். வேகம் பிடித்ததும் நடுப்பக்கமாக இழுத்து வருவார்கள். இழுக்காமல் விட்டால் நிலக்கரியும் தண்ணீரும் வீணாகும், நெருப்பையே புகைபோக்கி வழியாக உறிஞ்சி வெளியே தள்ளிவிடும்.

இந்தக் கேபினில் உயிர்நாடி எது என்றால் தண்ணீர் மட்டம்தான். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். கீழே நெருப்பு எரிகிறது, மேலே உள்ள தண்ணீர்தான் தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் இரும்பு பழுத்து இளகும், உள்ளழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு வரும். பாய்லர் வெடிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். இறக்கத்தில் போகும்போது தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடுவதால், ஏற்றத்தில் போதுமானதாகத் தெரிந்த அதே மட்டம் உச்சியைத் தாண்டியதும் ஆபத்தாகிவிடும். ராக்கி மலைத்தொடரில் வண்டி ஓட்டியவர்கள் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்க்கும்போதே அடுத்து வரும் சரிவையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தண்ணீரை பாய்லருக்குள் தள்ளுவது இன்ஜெக்டர். நகரும் பாகம் எதுவும் இல்லாமல், பாய்லரின் நீராவியையே கூம்புகள் வழியாகப் பீய்ச்சி, குளிர்ந்த நீரை இழுத்து, அதே பாய்லரின் அழுத்தத்தை எதிர்த்து உள்ளே அனுப்பும். பார்க்க மாயம்போலத் தெரியும். ஆனால் இன்ஜெக்டர் சூடேறிவிட்டாலோ, எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரில் உள்ள தண்ணீர் வெதுவெதுப்பானாலோ வேலை நின்றுவிடும். நீராவி உள்ளேயே குளிர்ந்து சுருங்கினால்தான் இழுவை பிறக்கும், சூட்டில் அது சுருங்காது. அப்போது ஃபயர்மேன் செய்வது ஒன்றுதான்: இன்ஜெக்டர் மேல் ஒரு வாளி குளிர்ந்த நீரை ஊற்றுவது. எஞ்சினில் இரண்டு இன்ஜெக்டர் வைப்பதும் இந்தப் பயத்தால்தான்.

இறங்கி வந்து சக்கர அச்சின் பெட்டிகளையும் பாருங்கள். அந்தக் காலத்தில் அச்சின் அடியில் எண்ணெயில் ஊறிய நூல்கழிவைத் திணித்து வைப்பார்கள். அது காய்ந்தாலோ, சுருண்டு ஒருபக்கம் ஒதுங்கினாலோ, மேலே உள்ள மெல்லிய உலோகப் பூச்சு உருகி அச்சைக் கடித்துவிடும். ‘ஹாட் பாக்ஸ்’ என்பது அதுதான். நிலையத்தில் வண்டி நின்றதும் ஊழியர் இறங்கிப் புறங்கையால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டு போவதற்குக் காரணம் இதுவே.

ஓய்வு பெற்ற பின் 1945-லிருந்து 1983 வரை, 38 வருடம், இந்த எஞ்சின் கிட்சிலானோ கடற்கரைப் பூங்காவில் திறந்த வெளியில் நின்றது. உப்புக் காற்று, மழை, ஏறி விளையாடும் பிள்ளைகள். நீராவி எஞ்சினுக்குத் திறந்தவெளி ஏன் ஆகாது என்றால், பாய்லரின் மேல் தகட்டுக்கும் வெப்பக்காப்புக்கும் இடையில் புகுந்த மழைநீர் காயவே காயாது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பாய்லர் தகடு துருவேறிக்கொண்டிருக்கும். எக்ஸ்போ 86 உலகக் கண்காட்சிக்காக ஆர்வலர்கள் அதைப் பிரித்துச் சீராக்கினார்கள்.

இரண்டாம் நாள்: ரவுண்ட்ஹவுஸ்

374 நிற்கும் கூடம் முழு வளாகத்தின் ஒரு மூலைதான். அதை ஒட்டி அரைவட்டமாக வளைந்து நிற்கும் செங்கல் கட்டடம் ரவுண்ட்ஹவுஸ். நம்மூரில் லோகோ ஷெட் என்போமே, அதன் வட்ட வடிவம். 1888-ல் எழுந்தது, பின்னர் 1911-ல் விரிவுபடுத்தினார்கள். பேட்டைக்கு யேல்டவுன் என்று பெயர் வந்ததும் ரயிலால்தான். ஃப்ரேசர் ஆற்றோரம் யேல் என்ற ஊரில் இருந்த பட்டறையை சி.பி.ஆர். இங்கே மாற்றியபோது தொழிலாளர்களும் குடிபெயர்ந்து வந்தார்கள், தங்கள் ஊர்ப் பெயரையும் கொண்டுவந்தார்கள்.

1997 முதல் இது ரவுண்ட்ஹவுஸ் கம்யூனிட்டி ஆர்ட்ஸ் அண்ட் ரிக்ரியேஷன் சென்டர். நாடக அரங்கு, கண்காட்சிக் கூடம், கூடைப்பந்து ஆடும் ஜிம், மண்பாண்டப் பட்டறை, மரவேலைக் கூடம், நடன அறை எல்லாம் இருக்கின்றன. ஜாஸ் விழாவின் கச்சேரிகள் நடந்திருக்கின்றன, குளிர்கால நீள்இரவன்று விளக்கு ஊர்வலக்காரர்கள் இங்கே கூடியிருக்கிறார்கள். ரயில் பார்க்கவென்று வருகிறவர்களைவிடக் களிமண் பிசைய வருகிறவர்களும் பந்து ஆட வருகிறவர்களும்தான் இங்கே அதிகம். எஞ்சினுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. தினமும் அந்தப் பக்கமாக ஆள் நடக்கும்போது, ஒழுகும் கூரை மறுநாளே யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

வெளியே முற்றத்தின் நடுவில் இருப்பது டர்ன்டேபிள், சுழல்மேடை. எஞ்சினைத் திருப்பவும், தேவையான அறைக்கு அனுப்பவும் இது ஒன்றே வழி. பெரிய குழி, நடுவில் ஒரு அச்சாணி, அதன்மேல் பாலம்போல ஒரு தண்டவாளம். சூட்சுமம் சமநிலையில்தான் இருக்கிறது. எஞ்சினும் டெண்டரும் சேர்ந்த எடையின் மையம் அச்சாணிக்கு நேர் மேலே வரும்படி நிறுத்தினால், பாலத்தின் இரு முனைச் சக்கரங்களும் வட்டத் தண்டவாளத்தில் பட்டும் படாமல் மிதக்கும். அப்போது பல டன் எடையை இரண்டு மூன்று பேர் கையால் தள்ளியே சுற்றிவிடலாம். கொஞ்சம் தள்ளி நிறுத்தினாலும் ஒரு முனை அழுந்தி உட்கார்ந்துவிடும், எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. ஆனால் நிறுத்தும் இடம் தினமும் ஒன்றாக இருக்காது. டெண்டர் நிறையக் கரியும் தண்ணீருமாகக் கிளம்பும் எஞ்சினின் மையம் பின்னால் இருக்கும். ஓடி முடித்துக் காலி டெண்டரோடு வரும் எஞ்சினின் மையம் முன்னால் நகர்ந்துவிடும். ஷெட்டில் எஞ்சினை நகர்த்தும் ஷண்டருக்கு இந்த அனுபவக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும்.

சுழல்மேடையிலிருந்து விரல்கள்போலப் பிரியும் தண்டவாளங்கள் ஒவ்வொன்றும் ஓர் அறைக்குள் போகும். வாசல் பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்று, பீட்சாத் துண்டுபோல ஒவ்வொரு அறையும். அகன்ற பின்சுவரில் உயரமான ஜன்னல்கள் வைத்ததற்குக் காரணம், வேலை அதிகம் நடக்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும் என்பதே. இதுபோன்ற ஷெட்களில் தண்டவாளத்துக்கு நடுவே நீண்ட குழி இருக்கும், ஆள் இறங்கி அடிப்பாகங்களைப் பார்க்க. புகைபோக்கிக்கு நேர் மேலே கூரையில் ஒரு புனல் தொங்கும். எஞ்சினை அதற்கு அடியில் சரியாக நிறுத்தாவிட்டால் ஷெட் முழுக்கப் புகை.

நெருப்பு போடுவதும் ஷெட்டின் வேலை. குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடாக்கக் கூடாது. நெருப்புப் பெட்டி ஒரு வேகத்தில் விரிய, வெளித்தகடு இன்னொரு வேகத்தில் விரிய, குழாய்களின் முனைகள் தளர்ந்து ஒழுக ஆரம்பிக்கும். ஆகவே இரவு முழுக்க மெதுவாக. சில வாரங்களுக்கு ஒருமுறை பாய்லரை ஆற வைத்து, அடியில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, வேகமான தண்ணீர் பாய்ச்சிச் சேற்றையும் உப்புப் படிவையும் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் படிவு தகட்டின்மேல் கம்பளிபோல மூடிக்கொள்ளும், தண்ணீர் இருந்தும் தகடு கருகும்.

ஷெட்டில் நடக்கும் விபத்துகளில் வியப்பான ஒன்று உண்டு. ஆளே இல்லாத எஞ்சின் தானாக நகர்ந்து போய் டர்ன்டேபிள் குழிக்குள் விழுந்துவிடும். பல ரயில்வேக்களில் நடந்திருக்கிறது. ரெகுலேட்டர் வால்வில் மெல்லிய கசிவு இருந்தால், மூடியிருந்தாலும் நீராவி சிலிண்டருக்குள் சொட்டுச் சொட்டாகச் சேரும். பிரேக்கில் இருந்த காற்று இதற்கிடையில் கசிந்து தீர்ந்திருக்கும். ஒரு கட்டத்தில் சேர்ந்த அழுத்தம் பிஸ்டனை அசைத்துவிடும். எதிரே மேடை வேறு திசையில் திரும்பி நின்றால் குழிதான். இதைத் தடுக்க மூன்று வேலை: ரிவர்சரை நடுவில் வைப்பது, சிலிண்டரின் வடிகால் திருகுகளைத் திறந்து வைப்பது, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பது. மூன்றையும் செய்யாமல் ஷெட்டை விட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

1950-களில் டீசல் வந்ததும் இந்த வட்டம் தேவையற்றுப் போனது. டீசல் எஞ்சினை இரு திசையிலும் ஓட்டலாம், திருப்ப வேண்டியதில்லை. கட்டடத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது நகரத்தின் பாரம்பரிய ஆர்வலர்கள் எதிர்த்து நின்றார்கள். எக்ஸ்போ 86-ல் கண்காட்சி அரங்காக மறுபடி உயிர் பெற்றது. கண்காட்சிக் கூடத்துக்குள் போனால் கனத்த மரத்தூண்களையும் பழைய செங்கலையும் மூடாமல் விட்டிருப்பதைப் பார்க்கலாம். ஓவியம் மாட்ட வருகிறவர்களுக்குத் தூண்கள் இடைஞ்சல்தான், ஆனாலும் அவற்றை எடுத்திருந்தால் மிச்சம் இருப்பது வெறும் ஹால்.

மூன்றாம் நாள்: வாட்டர்ஃபிரண்ட், போர்ட் மூடி

யேல்டவுனிலிருந்து கனடா லைனில் வாட்டர்ஃபிரண்ட். இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். தூண்கள் நிரம்பிய அந்தக் கட்டடமே சி.பி.ஆர். 1914-ல் கட்டிய நிலையம். கூடத்தின் மேல்சுவரில் சுற்றிலும் மலைக்காட்சி ஓவியங்கள். ரயிலில் வந்தவர்கள் வழியில் கண்ட மலைகள் அவை.

அங்கிருந்து எக்ஸ்போ லைனில் கமர்ஷியல்–பிராட்வே, அங்கே மாறி மில்லேனியம் லைனில் மூடி சென்டர். இறங்கித் தண்டவாளத்துக்கு மறுபக்கம் ராக்கி பாயின்ட் பூங்காவை நோக்கி நடந்தால் போர்ட் மூடி ஸ்டேஷன் மியூசியம். சிறிய மர நிலையம், 1908-ல் கட்டியது. இடம் மாற்றி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நடத்துவது ஊர்ப் பாரம்பரியச் சங்கம்.

இந்த ஊரின் கதை நெஞ்சைப் பிசைவது. கண்டம் கடந்த பாதையின் கடைசி நிலையம் போர்ட் மூடி என்று அறிவித்திருந்தார்கள். 1886 ஜூன் 28 மாலை மாண்ட்ரியலில் கிளம்பிய முதல் ரயில் ஜூலை 4 நண்பகலில் இங்கே வந்து நின்றது. இழுத்து வந்தது 371, நேற்று முன்தினம் பார்த்த 374-ன் உடன்பிறப்பு. ஆனால் துறைமுகம் அமைக்க மேற்கே இன்னும் நல்ல இடம் இருக்கிறது என்று சி.பி.ஆர். அதற்குள் முடிவெடுத்துவிட்டது. மாகாண அரசு 6,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்தது. பாதையைச் சுமார் 20 கிலோமீட்டர் நீட்டினார்கள், மறுவருடமே வான்கூவர் கடைசி நிலையமானது. போர்ட் மூடியில் நம்பி நிலம் வாங்கியவர்கள் கைபிசைந்து நின்றார்கள். 371 பழைய இரும்புக்குப் போய்விட்டது, 374 கண்ணாடிக் கூடத்தில் நிற்கிறது.

மியூசியத்தின் பக்கத்தில் நிற்கும் ‘வெனோஸ்டா’ என்ற 1921-ம் வருடப் படுக்கைப் பெட்டியைத் தவறவிடாதீர்கள். பகலில் எதிரெதிர் இருக்கைகள். இரவில் இரண்டு இருக்கைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்தால் கீழ்ப் படுக்கை. மேல் படுக்கை கூரையோரம் சாய்ந்த பெட்டிபோல மடங்கிக் கிடக்கும், பூட்டைத் திருகி இறக்கினால் மெத்தையும் கம்பளியும் உள்ளேயே இருக்கும். நம்மூர் ஸ்லீப்பர் போலக் குறுக்காக இல்லை, வண்டியின் நீளவாக்கில் படுக்க வேண்டும். நடைபாதைக்குத் திரைதான் மறைப்பு.

நான்காம் நாள்: சைனாடவுன்

யேல்டவுனிலிருந்து சைனாடவுனுக்கு நடந்தே போகலாம். இந்தப் பயணத்தில் இதைச் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. ஃப்ரேசர் பள்ளத்தாக்கின் பாறையைக் குடைந்து பாதை போட்டவர்கள் ஒப்பந்தக்காரர் ஆண்ட்ரூ ஆன்டர்டாங்க் கொண்டுவந்த சீனத் தொழிலாளர்கள், ஏறத்தாழ 15,000 பேர். நாளுக்கு ஒரு டாலர் கூலி, வெள்ளையருக்கு அதைவிடக் கூடுதல். குறைந்தது 600 பேர் இறந்தார்கள். வெடிமருந்து, பாறைச் சரிவு, சத்துக்குறைவு நோய். பாதை முடிந்த 1885-லேயே சீனர் உள்ளே வர 50 டாலர் தலைவரி. 1923-ல் கதவையே மூடினார்கள், 1947-ல்தான் திறந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2006-ல்.

2023 ஜூலை 1 அன்று, அந்தத் தடைச் சட்டத்தின் நூறாவது ஆண்டில், 1889-ல் கட்டிய விங் சாங் கட்டடத்தில் சைனீஸ் கனேடியன் மியூசியம் திறந்தார்கள். 374-ன் பித்தளை மணியைத் தொட்டுப் பார்த்த கையோடு இங்கே வாருங்கள்.

ஐந்தாம் நாள்: ஸ்குவாமிஷ்

நெடுஞ்சாலை 99-ல் வடக்கே ஒரு மணி நேரம், வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல். ரயில்வே மியூசியம் ஆஃப் பிரிட்டிஷ் கொலம்பியா ஊரின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது. பேருந்தில் வந்தால் கடைசித் தூரத்துக்கு டாக்சி வேண்டும். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே நாயகன் 2860, ‘ராயல் ஹட்சன்’. 1940-ல் மாண்ட்ரியல் லோகோமோட்டிவ் வொர்க்ஸ் கட்டிய 4-6-4. இயங்கு சக்கரத்தின் விட்டம் 75 அங்குலம், பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 275 பவுண்டு. 1939-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ரயிலை இழுத்தது இதே வகையைச் சேர்ந்த 2850. அதன் பிறகுதான் பக்கத் தகட்டில் கிரீடம் பொறிக்கும் உரிமை இந்த வகைக்குக் கிடைத்தது. 2860 எரிப்பது எண்ணெய். 1974 முதல் 1999 வரை இதே ஸ்குவாமிஷுக்குச் சுற்றுலா ரயில் இழுத்தது. 374-க்குப் பக்கத்தில் இதை நிறுத்திப் பார்க்க முடிந்தால், ஐம்பது வருடத்தில் எஞ்சின் எவ்வளவு வளர்ந்தது என்பது சொல்லாமலே புரியும்.

இங்கும் ரவுண்ட்ஹவுஸ் ஒன்று உண்டு, புதிதாகக் கட்டியது. எஞ்சின்களுக்குக் கூரை, ஊருக்கு மண்டபம். கல்யாணமும் கூட்டமும் எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே நடக்கின்றன. வாடகைப் பணம் கூரையைப் பராமரிக்கும் என்பது ஒருபுறம் இருக்க, சூடேற்றிக் காய்ந்த கூடத்தில் இரும்பு துருப்பிடிப்பது குறையும் என்பதும் பெரிய லாபம்.

மே மாதம் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். விக்டோரியா டே வார இறுதியின் ஞாயிறன்று, 1887-ன் நினைவாக, 374-ஐக் கூடத்திலிருந்து வெளியே டர்ன்டேபிளுக்கு இழுத்து வருவது வழக்கம். வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகச் சீக்கிரமே போய் நில்லுங்கள். நெருப்பில்லாத எஞ்சினை நகர்த்துவதற்கும் முறை உண்டு. முதலில் அச்சுப் பெட்டிகளுக்கும் கனெக்டிங் ராடுகளுக்கும் எண்ணெய், பிறகு சிலிண்டருக்குள் எண்ணெய். வடிகால் திருகுகளைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றைப் பிஸ்டன் அமுக்கி எஞ்சினே எதிர்த்துத் தள்ளும். பிரேக் தளர்ந்ததா என்று சக்கரத்துக்குச் சக்கரம் பார்க்க வேண்டும். சுழல்மேடையின் தண்டவாளம் நேராகப் பொருந்திப் பூட்டு விழுந்ததா என்பது அடுத்தது. கட்டைகளை உருவுவது கடைசி வேலை.